கொட்டாஞ்சேனையில் முறுகிய கோவா இலைகள்

ஓய்வு பெற்ற பிறகும் என் போனுக்கு இலைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காலையில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நடந்துவிட்டு வந்து திறந்தால், யாரோ ஒருவருடைய நோக்கோல் இலை குவளைபோல மடிந்து கிடக்கும். இன்னொருவருடைய கோவா, முட்டைக்கோஸ் என்றும் சொல்வார்களே, அது வாழை நார்போல நீண்டு முறுகி நிற்கும். படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: "மிஸ், இது என்ன வருத்தம்?"

போன மாதம் அலுவலகத்தில் என் பழைய கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை பேசினாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் படத்தை ஒரு செயலியில் போடுகிறார்களாம். அது ஒரு நோயின் பெயரைச் சொல்கிறதாம். பெயர் வந்த உடனே மருந்தும் எழுதி விடுகிறார்களாம். "நீங்கள் வந்து ஒருக்கா அவையோட கதையுங்கோ மிஸ்" என்றாள். மேடையேறிப் பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

செயலி மீது எனக்குக் கோபம் கிடையாது. நான் வாழ்நாளில் பார்த்ததை விட அதிகமான இலைகளை அது பார்த்திருக்கும். ஆனால் பார்ப்பதற்கு முன் பெயர் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு தடவை கண்டிருக்கிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணம். விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா முடித்து, மலைநாட்டில் கோவாவும் லீக்ஸும் விளையும் பக்கம் சில வருடங்கள் விவசாயிகளுக்கு வழிகாட்டும் போதனாசிரியையாக இருந்தேன். குளிரில் நனைந்த காலணியோடு பாத்தி பாத்தியாக நடந்ததுதான் என் உண்மையான படிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு கொழும்புக்கு மாற்றம் கேட்டேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். "கொழும்பில என்ன விவசாயம்? பூச்சாடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்றார்கள்.

பூச்சாடிக்குத்தான் போனேன். மொட்டைமாடி, மதிலோரம், கார் நிறுத்தும் இடத்தின் மூலை, குளியலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வாளி, எல்லாவற்றிலும் இந்த நகரம் எதையோ வளர்க்கிறது. வளர்ப்பவர்கள் விவசாயிகள் இல்லை என்பதால் ஒவ்வொரு செடியும் அவர்களுக்குப் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளை மாதிரி. இலை கோணினால் இரவு நித்திரை வராது.

அங்கே விவசாய அலுவலகத்தில் என் மேலதிகாரி ஜயந்த சேர். சிங்களவர். இளமையில் வவுனியாவில் வேலை செய்தபோது பழகிய தமிழைக் கடைசி வரை விடவில்லை. உயரமான, மெலிந்த மனிதர். ஒரு தோட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். கை வெளியே வந்துவிட்டால் செடியைப் பிடுங்கத் தோன்றும் என்பார்.

நான் சேர்ந்த புதிதில், பாமன்கடையிலிருந்து ஒரு கணக்காளர் வந்தார். தெளிந்த பொலித்தீன் பையில் ஒரே ஒரு கோவா இலை. இன்னொரு பையில் பூச்சிநாசினிப் போத்தல்கள். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, "இதெல்லாம் அடிச்சாச்சு சேர். ஒண்டும் சரிவரல்ல" என்றார்.

சேர் இலையைத் தொடவே இல்லை.

"இதுக்குப் பக்கத்தில என்ன செடி நிக்குது?"

"பக்கத்தில... தெரியாது சேர். ஏதோ களை."

"அந்தக் களை எப்படி இருக்கு?"

சேர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "சாந்தினி, வாங்க போவோம்."

அன்று அவர் செய்ததை நான் அப்படியே மனதில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் கோவாப் பக்கமே திரும்பவில்லை. வாசலில் தொடங்கி மதிலோரமாக ஒரு சுற்று வந்தார். கறிவேப்பிலையைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார், குந்தியிருந்து களைகளைப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் ஊற்றுகிறார்கள், எந்த வாளி என்று வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்டார். அவளிடம் கேட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேட்டார். எல்லாம் முடிந்து, "நோயாளிய கடைசியாப் பார்க்கணும். முதல்ல பார்த்தா வேற ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கோவாவுக்கு வந்தார்.

சுருங்கிய நடுக் குருத்தை மெல்ல விரித்தபோது உள்ளே சாம்பல் பூசிய மாதிரி, சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. தண்டு வழியே எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கணக்காளர் அடித்த மருந்தெல்லாம் வெளி இலையில் வழிந்து போயிருந்தது. மருந்து பட்டுச் செத்தது அந்தப் பூச்சியைத் தின்னக்கூடிய மற்றப் பூச்சிகள்தான். சேர் குழாயைத் திறந்து, விரலால் வாயை அடைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் குருத்தைக் கழுவினார்.

"இவ்வளவுதானா?" என்றார் கணக்காளர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"நாளைக்கும் செய்யணும்" என்றார் சேர்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன்: "அவர் கண்டபடி மருந்தடிச்சதுதான் பிழையெண்டு ஏன் சேர் சொல்லேல்ல?" அவர் குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்: "காரணத்தச் சொல்லணும். ஆளச் சொல்லக் கூடாது. ஆளச் சொன்னா அடுத்த முறை ஒண்டும் சொல்ல மாட்டாங்க, ஒளிப்பாங்க." அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் போட்ட சட்டம் அது. நான் அதை மதித்தேன். ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்ற முடிவுக்கு நான் வர வேண்டிய நாளும் வந்தது.

அதற்கு முன் ஒரு தடவை அவரோடு முரண்பட்டிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் உச்சியில் ஓர் அம்மா பூக்கோவா, அதாவது காலிஃபிளவர், வளர்த்தார். இலைகளில் பச்சைப் பகுதியே இல்லை. நடு நரம்பு மட்டும் எலிவால் மாதிரி நீண்டு நின்றது. சேர் படியேறி வந்து பார்த்துவிட்டுச் சிலந்திப் பேன் என்றார். நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒரு பேன் கூட இல்லை. சாடிகளில் இருந்த மண்கலவை புளித்துப்போயிருந்தது, அவ்வளவு அமிலம். அப்படியான மண்ணில் மொலிப்டினம் என்ற சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும், அப்போது பூக்கோவா இப்படித்தான் வால் விடும். நான் விடவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பும், ஒரு சிட்டிகை அந்தச் சத்தும் கரைத்து ஊற்றச் சொன்னேன். பழைய வால்கள் வால்களாகவே இருந்தன, ஆனால் புதிதாக வந்த இலைகள் அகலமாக விரிந்தன. சேர் மறுபடியும் அத்தனை படியும் ஏறி வந்து பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

இனி கொட்டாஞ்சேனை.

உரம் இல்லை, காஸ் இல்லை, பெற்றோலுக்கு வரிசை என்று நாடு திணறிய காலம். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டில் மரக்கறிச் செடி வையுங்கள் என்று மேலிடம் சொல்ல, எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள், பழைய பண்டகசாலை ஒன்றை இடித்த வெறுங்காணி கிடந்தது. கட்டடம் கட்டும் வரைக்கும் பயிர் செய்துகொள்ளுங்கள் என்று சொந்தக்காரர் விட்டுவிட்டார். அந்த ஒழுங்கைக் குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்தன.

அதை ஒழுங்குபடுத்தியவர் ஜெசிந்தா. மொண்டிசூரி ஆசிரியை, கணீரென்ற குரல், ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டார். அவருடைய கணவர் அன்ரன் அதற்கு நேர்மாறு. ஒரு பெரிய கட்டடத்தின் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலை, சொந்தமாக ஒரு ஓட்டோ, அதிகம் பேசாத மனிதர். நாற்றுக் கொடுத்தவர் புஷ்பம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து பல வருடங்கள். காலையில் அலுவலகமொன்றில் துப்புரவு வேலை. மீதி நேரத்தில் தயிர்ச் சட்டியிலும் யோகட் கோப்பையிலும் நாற்றுப் போடுவார். அந்த ஒழுங்கைக்குச் சும்மா கொடுத்தார். மற்ற ஒழுங்கைகளுக்கு விற்று, அந்த நெருக்கடியில் இரண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்.

ஜெசிந்தா அழைத்து நான் போனபோது, கோவாவும் நோக்கோலும் கடுகுக்கீரையும் ஒரு பக்கமிருந்து மறு பக்கம் வரை முறுகி நின்றன. புது இலைகள் பட்டி மாதிரி ஒடுங்கி, நரம்புகள் விசிறிபோல நெருங்கி ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. தண்டுகள் பாம்பு மாதிரி வளைந்திருந்தன. ஜெசிந்தா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க மிஸ், வைரஸாம். போட்ட உடனே சொல்லிட்டுது. நாத்தில இருந்துதான் வருமாம். புஷ்பம் தந்த நாத்து இது. நீங்க ஒரு கடிதம் தாங்க, எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கோணும் எண்டு. அவவிட வீட்டில இருக்கிற நாத்தையும் சேத்து."

"அவவிட நாத்தும் இப்பிடி இருக்குதா?"

"அதுதானே மிஸ் விஷயம்! அவவிட வீட்டில இருக்கிறதெல்லாம் நல்லா இருக்கு. நல்லத தனக்கு வச்சுக்கொண்டு கழிவை எங்களுக்குத் தந்திருக்கிறா."

காணியின் படலைக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் போலும். நான் அவரிடம் போனேன்.

"நீங்கதான் புஷ்பமா?"

"ஆமாங்க." கையில் ஒரு யோகட் கோப்பை, அதில் அழகான கோவா நாற்று. "இதயும் பாருங்கம்மா. ஒரே வெதை, ஒரே நாள் போட்டது. நான் ஏங்க அப்படிச் செய்யப் போறேன்? எம் புள்ளைங்களும் இதத்தான திங்குது?"

"ஆர் உங்களிட்ட இப்ப நாத்து வாங்கினம்?"

"யாருமில்லீங்க. பக்கத்து ஒழுங்கையிலயும் சொல்லிட்டாங்க. நோய் புடிச்ச நாத்துன்னு."

நான் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு காணியைச் சுற்றினேன். ஓரத்தில் தானாக முளைத்த கீரைகளும் முறுகியிருந்தன. பாத்தி நடுவே நின்ற மிளகாயும் தக்காளியும் கூட. ஆனால் எலுமிச்சை மணம் வீசும் சேரைப் புல்லுக்கும் வெங்காயத் தாளுக்கும் ஒன்றுமே இல்லை. கோவாவுக்கு வரும் வைரஸ் இப்படி இனம் பார்க்காமல், எல்லாச் செடிக்கும் ஒரே நேரத்தில் வராது. அகன்ற இலையை மட்டும் முறுக்கி, புல்லை விட்டுவைப்பது ஒரு வகைக் களைநாசினியின் குணம். தண்டுகளைக் கீறிப் பார்த்தேன், வேர்களைக் கழுவிப் பார்த்தேன். எனக்கு ஐயமே இருக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

"இங்க ஏதாவது மருந்து அடிச்சீங்களா?"

"வேப்பெண்ணெய் மட்டும்தான் மிஸ். வேற ஒண்டும் இல்ல" என்றார் ஜெசிந்தா. களனியில் வயல் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரிடம் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டாங்கி ஒன்றை இரவல் வாங்கி அடித்திருக்கிறார்கள். வயல்காரர் அதில் களைநாசினி அடித்திருக்கலாம். கழுவாமல் தந்திருக்கலாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அலுவலகத்தில் ஜயந்த சேரிடம் சொன்னேன். அவர் மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன. ஜெசிந்தா அனுப்பிய படங்கள் ஏற்கெனவே அவருக்கும் மேலிடத்துக்கும் போயிருந்தன.

"வைரஸாக இருந்தா பக்கத்து ஒழுங்கைக்கும் போகும், சாந்தினி. பிடுங்கச் சொல்லி எழுதிட்டா முடிஞ்சுது. எப்படியும் அந்தச் செடி சாப்பிட முடியாது."

"செடி போகட்டும் சேர். அந்தக் கடிதத்தில வைரஸ் எண்டு எழுதினா புஷ்பத்திட பிழைப்பும் போயிடும்."

"நாங்க ஆளைப் பற்றி எழுத மாட்டோம்."

"நாங்கள் எழுதாட்டியும் அவை வாசிப்பினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரெண்டு கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்குப் பிறகு நான் எழுதணும்."

சாடிகளில் போஞ்சி, அதாவது பீன்ஸ், விதை போட்டேன். போஞ்சி இந்த மருந்துக்கு அவ்வளவு பயந்த செடி, கொஞ்சம் பட்டாலும் இளம் இலை சுருண்டுவிடும். முளைத்து முதல் இலை விரிந்ததும் சாடிகளைக் கொட்டாஞ்சேனைக்கே கொண்டுபோனேன். டாங்கிக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதை ஒரு சாடிக்கு அடித்தேன். மற்றதற்கு வெறும் குழாய்த் தண்ணீர். எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன். "இந்தச் சாடி சுருண்டால் டாங்கிதான் காரணம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

சுருளவில்லை. நாளுக்கு நாள் இரண்டு சாடியும் ஒரே மாதிரி செழித்தன. ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "அப்ப நாத்துத்தான்" என்றார். படலைக்கு வெளியே புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டார். நான் நிரூபிக்கப் போய், அவரை இன்னும் ஒரு படி கீழே தள்ளிவிட்டேன்.

அன்று பஸ்ஸில் போகாமல் அந்தக் காணியிலேயே இருந்தேன். சேர் தந்த தவணை முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. களைநாசினி என்பதில் எனக்கு மாற்றமில்லை. வந்த வழியைத்தான் தவறாகப் பிடித்திருக்கிறேன். மறுபடி சுற்றத் தொடங்கினேன். இந்த முறை நோயாளிகளையல்ல, சுகமாக இருப்பவர்களைத் தேடினேன்.

கடைசி மூலையில் ஒரு பாத்தி. களை இடுப்பளவு, யாரும் கவனிக்காத பாத்தி. அந்தக் களைக்குள் நான்கைந்து கோவா, நேராக, அகன்ற இலையோடு நின்றன. கீரையும் நேராக நின்றது.

"இது ஆரிட?"

எல்லோரும் சிரித்தார்கள். "அது ரவிட மிஸ். நட்டுப்போட்டுத் திரும்பியும் பார்க்கல்ல."

ரவி துறைமுகத்தில் முறை வேலை செய்யும் இளைஞர். நித்திரைக் கண்ணோடு வீட்டிலிருந்து வந்தார்.

"நாத்து எங்க வாங்கினீங்கள்?"

"புஷ்பக்கா தந்ததுதான் மிஸ். எல்லாருக்கும் குடுத்த அதே நாள்."

"மற்றவை செய்த எதை நீங்கள் செய்யேல்ல?"

அவர் யோசித்தார். "ஒண்டுமே செய்யல்ல மிஸ். தண்ணி மட்டும் மழை ஊத்தினது. வேப்பெண்ணெய் என்ட பாத்திக்கும் அடிச்சாங்க." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "புல்லுக் கூடப் போடல்ல. அன்ரன் அண்ணே சாக்கில கொண்டுவந்து குவிச்சு வச்சிருந்தார். பரப்ப நேரம் கிடைக்கல்ல" என்றார்.

நான் பக்கத்துப் பாத்தியில் குந்தி, செடியடியில் கையை விட்டேன். பழுப்பாகி மண்ணோடு மண்ணாகியிருந்தது, ஆனால் புல்தான். ஈரம் காயாமல் இருக்க வெட்டிய புல்லைச் செடியடியில் தடிப்பாகப் பரப்பியிருந்தார்கள். நான் "என்ன மருந்து அடிச்சீங்கள்" என்று கேட்டிருந்தேன். புல்லை யார் மருந்து என்று சொல்வார்கள்?

அன்ரன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஓம் மிஸ், நான்தான். வேலை செய்யிற இடத்தில புல்லு வெட்டினா ஒவ்வொரு கிழமையும் சாக்குச் சாக்கா வரும். வீணாத்தானே எறியினம். பெற்றோல் வரிசையில நிண்டு அடிச்ச பெற்றோல்ல கொண்டுவந்து குடுத்தனான்."

"அந்தப் புல்லுக்கு ஏதாவது அடிக்கிறவையா?"

"வெளியால ஒரு ஆள் வந்து அடிப்பான். களை வராமல். ஆனா புல்லுக்கு ஒண்டும் ஆகாது மிஸ், நல்லாப் பச்சையா இருக்கும். நல்ல சாமான் போல எண்டு நான் நினை..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். துணி கையிலேயே இருந்தது. 

"நான் ஜெசிந்தாவுக்குச் சொல்றன் மிஸ்" என்றார் மெதுவாக.

"கொஞ்சம் பொறுங்கோ. ஒருக்கா நான் அவசரப்பட்டு எல்லாருக்கும் முன்னால பிழைவிட்டிட்டன். இந்த முறை அவையே பார்க்கட்டும்."

சேரிடம் இன்னும் சில நாள் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் மறுக்கவில்லை. மறுபடியும் போஞ்சிச் சாடிகள். ஒன்றுக்கு ஒன்றும் போடவில்லை. ஒன்றுக்கு அன்ரன் புதிதாகக் கொண்டுவந்த புல். மற்றதற்குப் பாத்தியிலிருந்து எடுத்த பழைய புல். எல்லாவற்றையும் காணியின் மதிலில் வரிசையாக வைத்தேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஜெசிந்தாவிடம் கொடுத்தேன்.

"நானா?" என்றார்.

"ஓம். நான் ஊத்தினால் நான் ஏதோ செய்தன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லலாம். நீங்கள் ஊத்தினால் சொல்லமாட்டினம்."

அந்த நாட்களில் அவர் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிவிட்டு எனக்குப் போன் செய்தார். முதலில் "ஒண்டும் இல்ல மிஸ்" என்றார். பிறகு ஒரு காலை, குரலில் அந்தக் கணீர் இல்லை. "மிஸ், புதுப்புல்லுப் போட்டது தலையைக் குனியுது." அதற்குப் பிறகு, "பழைய புல்லுப் போட்டதும். ஒண்டும் போடாதது நல்லா நிக்குது." அன்று போனை வைக்க முன், "அது அன்ரன் கொண்டுவந்த புல்லு, மிஸ்" என்றார். அவருக்கும் விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் காணிக்கு வந்தார்கள். ஜயந்த சேரும் வந்தார், நான் அழைக்காமலே. கையைப் பின்னால் கோத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். ரவியின் பாத்தி முன்னால் அதிக நேரம் நின்றார். கடைசியில் மதிலுக்கு வந்து சாடிகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "காரணம் மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

"இல்ல சேர். ஆளச் சொல்லித்தான் குற்றம் சாட்டினவை. ஆளச் சொல்லித்தான் அது இல்லையெண்டும் சொல்லோணும்."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் எல்லோருக்கும் சொன்னேன். இது வைரஸ் இல்லை. புஷ்பத்தின் நாற்றில் ஒரு குறையும் இல்லை. அவர் வீட்டு நாற்று நன்றாக இருந்ததற்குக் காரணம், அங்கே இந்தப் புல் போகாததுதான். புல்வெளிக்கு அடித்த களைநாசினி புல்லோடு வந்து பாத்தியில் இறங்கியிருக்கிறது. அது கொண்டுவந்தவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை.

கூட்டத்தின் கண்களெல்லாம் அன்ரனிடம் போயின. அவர் மதிலில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட சாப்பாட்டில விஷத்தைக் கொண்டுவந்து..." என்று யாரோ தொடங்கினார்.

"நிறுத்துங்க."

புஷ்பம் படலைக்குள் வந்திருந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"நேத்து வரைக்கும் என்னைய ஒரு பார்வை பாத்தீங்கள்ல. அந்தப் பார்வைய அவருக்குக் குடுக்காதீங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு. நானும் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

ஜெசிந்தா அவரிடம் போய்க் கையைப் பிடித்தார். "புஷ்பம், பிறகு வீட்ட வந்து உங்களிட்ட மன்னிப்புக் கேட்கிறன்."

புஷ்பம் கையை இழுக்கவில்லை. ஆனால் குரல் தளரவும் இல்லை. "வீட்டுக்கு வேணாங்க டீச்சர். என்னையச் சொன்னது இங்கதான, எல்லார் முன்னாடியும். அப்ப இங்கயே சொல்லுங்க. பக்கத்து ஒழுங்கைக்கும் போய்ச் சொல்லுங்க."

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. பிறகு திரும்பி, வகுப்பில் பேசுகிற அதே கணீர்க் குரலில், "நான் புஷ்பத்தைப் பற்றிச் சொன்னது பொய். அவவிட நாத்து நல்ல நாத்து" என்றார். சொல்லிவிட்டு, அப்படியே பக்கத்து ஒழுங்கைக்கு நடந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கேயும் அந்தக் குரல் கேட்டது.

செடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மருந்து ஏறிய மரக்கறியைத் தின்னச் சொல்ல எனக்கு மனமில்லை. ரவியின் பாத்தி தவிர மற்றதையெல்லாம் பிடுங்கச் சொன்னேன். மரக்கறிக்குக் கையில் காசில்லாத காலத்தில் அதைச் சொல்வது லேசாக இல்லை. புல்லை வாரி அகற்றி, மண்ணைக் கொத்தி, மழைக்கு விட்டோம். கொஞ்ச நாள் கழித்துப் பாத்திக்குப் பாத்தி போஞ்சி நட்டுப் பார்த்தோம். எல்லாம் நேராக முளைத்த பிறகுதான் கோவாவுக்கு அனுமதி கொடுத்தேன். அன்ரன் அந்தப் பக்கம் வராமல் இருந்தார். புஷ்பம் அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, கொத்த ஆளில்ல" என்று அழைத்துக்கொண்டு வந்தாராம். ஜயந்த சேர் அலுவலகத்தில் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டதாக ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு புதியவர்களிடம் அதைச் சொல்லும்போது, "சாந்தினிகிட்டயும் கேளுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

இதை வாசிக்கும் போதனாசிரியர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். படத்தைப் பாருங்கள், செயலியையும் கேளுங்கள். பிறகு பஸ் ஏறிப் போங்கள். என்ன அடித்தீர்கள் என்று கேட்காதீர்கள், வெளியிலிருந்து என்ன வந்தது என்று கேளுங்கள். சுகமாக நிற்கும் செடியைத் தேடுங்கள். முதல் சோதனை பிழையாகிவிட்டால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

ஓய்வுக்கு முந்திய கிழமை கடைசியாக அந்தக் காணிக்குப் போனேன். புது நாற்று நடும் நாள். புஷ்பம் குந்தியிருந்து ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துப் பேசினார்கள், அவரும் பேசினார், ஆனால் ஜெசிந்தா வீட்டுத் தேநீரை மட்டும் அவர் அதற்குப் பிறகு குடித்ததில்லை என்று ரவி எனக்குக் காதோடு சொன்னார். அன்றும் ஜெசிந்தா தட்டோடு வந்தார். எனக்குத் தந்தார், ரவிக்குத் தந்தார், பிறகு புஷ்பத்தின் முன்னால் குனிந்து நீட்டினார்.

"வேணாங்க டீச்சர். வெயில் ஏற முந்தி இத முடிக்கணும்."

ஜெசிந்தா நீட்டிய கையோடு ஒரு கணம் நின்றார். பிறகு தட்டை மதிலில் வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த வரிசையில் முழங்காலிட்டு, நாற்றுக்காகக் கையை நீட்டினார். புஷ்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.